படத்தில் இருக்கும் குழந்தையிடம் கேட்டார்களா?

(அரசுப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆசிரியர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

குழந்தைகளுக்காக வேலை செய்யும் பன்னாட்டுத் தொண்டு அமைப்புகள் இணையத்தில் வைத்திருப்பவற்றிலிருந்து ஆசிரியர்கள் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று பேசச் சொன்னார்கள். தலைப்பைச் சொன்னதுமே இந்த அரங்கில் இரண்டு விதமான முகங்கள் தெரிகின்றன. நாளைய வகுப்புக்கு நாலு வீடியோ, நாலு செயல்பாடு கிடைத்தால் போதும் என்று நோட்டைத் திறந்து வைத்திருப்பவர்கள் ஒருபக்கம். 'இயக்கக் கூட்டத்திலேயே என்.ஜி.ஓ. புராணமா' என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். நானும் அந்த இரண்டாவது வரிசையில் உட்காரக்கூடியவள்தான்.

உரிமையாகக் கேட்க வேண்டியதை உதவியாக மாற்றுவது, போராட வேண்டிய இடத்தில் பயிற்சி முகாம் நடத்துவது, ஒடுக்குகிறவரின் பெயரைச் சொல்லாமல் ஒடுக்கப்பட்டவரின் 'நிலைமை'யை மட்டும் பேசுவது என்று தொண்டு அமைப்புகள்மீது நாம் வைக்கும் குற்றச்சாட்டுகள் நியாயமானவை. அவற்றை நான் திரும்பப் பெறப்போவதில்லை. ஆனால் என் ஆய்வுக்காகச் சில ஆண்டுகளாக இந்த அமைப்புகளின் தளங்களைப் படித்து வருகிறேன். அவர்கள் நமக்கென்று தயாரித்து வைத்திருக்கும் பாடக்குறிப்புகளைக் காட்டிலும், அவர்கள் தங்களுக்குள்ளேயே நடத்திய சண்டைகளின் பதிவுகள்தான் நமக்கு அதிகம் பயன்படும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சண்டைகளில் முக்கியமானது ஒரு குழந்தையின் படத்தைப் பற்றியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் உலகப் போர் முடிந்த பிறகும் பிரிட்டன் தன் கடல் முற்றுகையை உடனே விலக்கவில்லை. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் குழந்தைகள் பட்டினியால் வாடினார்கள். எக்லன்டைன் ஜெப் என்ற பெண் 1919இல் லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தில், பட்டினியால் வற்றிய ஆஸ்திரியக் குழந்தையின் படம் போட்ட துண்டறிக்கையைக் கொடுத்தார். தணிக்கை அனுமதி வாங்கவில்லை என்று கைது செய்தார்கள். 5 பவுண்டு அபராதம். வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞரே அந்த 5 பவுண்டை எடுத்து அவரிடம் கொடுத்தார் என்றும், 'சேவ் த சில்ட்ரன்' அமைப்புக்கு வந்த முதல் நன்கொடை அதுதான் என்றும் சொல்வார்கள். அதே ஆண்டு மே மாதம் ஜெப்பும் அவருடைய சகோதரி டோரதி பக்ஸ்டனும் அந்த அமைப்பைத் தொடங்கினார்கள். 1923இல் ஜெப் எழுதிய ஐந்து அம்சக் குழந்தை உரிமைப் பிரகடனத்தை 1924இல் உலக நாடுகள் சங்கம் ஏற்றது. இன்று நாம் பேசும் குழந்தை உரிமைச் சட்டங்களுக்கெல்லாம் அதுதான் மூதாதை.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனியுங்கள். எதிரி நாட்டுக் குழந்தையின் படத்தைத் தன் நாட்டு வீதியில் காட்டியது துணிச்சலான அரசியல் செயல். 'உன் அரசாங்கம்தான் இந்தக் குழந்தையைப் பட்டினி போடுகிறது' என்று அந்தப் படம் சொன்னது. படத்தில் பசியும் இருந்தது, பசிக்குக் காரணமானவரும் இருந்தார்.

அதற்குப் பிறகு வந்த பல படங்களில் பசி மட்டும் தங்கிவிட்டது, காரணமானவர் காணாமல் போனார். பெருத்த வயிறு, ஈ மொய்க்கும் கண்கள், கீழே வங்கிக் கணக்கு எண். 1984இல் எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது அந்தக் காட்சிகள் உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் ஓடின. அங்கே நடந்துகொண்டிருந்த உள்நாட்டுப் போரும், உணவையே ஆயுதமாக்கிய ஆட்சியும் பார்த்தவர்கள் பலருக்கும் தெரியவில்லை. ஆப்பிரிக்கா என்றால் பசி என்பது மட்டும் மனதில் தங்கிவிட்டது. இதைத் தொண்டுலகத்துக்கு உள்ளே இருந்தவர்களே கடுமையாக எதிர்த்தார்கள். 1981இல் யோர்கன் லிஸ்னர் என்பவர், இப்படிப் படம் காட்டிப் பணம் திரட்டுகிறவர்களைத் துயரத்தின் வியாபாரிகள் என்றே எழுதினார். 2006இல் ஐரோப்பியத் தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பு, படங்களுக்கும் செய்திகளுக்கும் ஒரு நடத்தை நெறியை வகுத்தது. 2012இல் நார்வே மாணவர்கள் ஒரு பகடி வீடியோ வெளியிட்டார்கள். குளிரில் வாடும் நார்வே மக்களுக்காக ஆப்பிரிக்கர்கள் ரேடியேட்டர் சேகரித்து அனுப்புகிறார்கள் என்பது கதை. இணையத்தில் இன்றும் கிடைக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் எந்த வகுப்பிலும் போட்டுக் காட்டலாம், பிள்ளைகள் சிரித்துவிட்டு யோசிப்பார்கள்.

2017இல் சேவ் த சில்ட்ரன் அமைப்பே ஓர் ஆய்வை வெளியிட்டது. பிரிட்டன், ஜோர்டான், வங்கதேசம், நைஜர் ஆகிய நாடுகளில் தன் படங்களில் இருந்தவர்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் போய், இந்தப் படம் எடுக்கப்பட்டதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டது. ஒரு பட்டினிக் குழந்தையின் படத்தோடு பிறந்த அமைப்பு, படத்தில் இருப்பவரைத் தேடிப்போய் இப்படி முறையாகக் கேட்க ஏறக்குறைய 100 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இனி நம் பள்ளிக்கு வருவோம்.

விலையில்லாக் காலணி வருகிறது, புத்தகப்பை வருகிறது, சைக்கிள் வருகிறது. ஊர்ப் பெரியவர் பிறந்தநாளுக்கு நோட்டு கொடுக்கிறார். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறோம். கொடுப்பவர் ஒரு கையையும் வாங்கும் பிள்ளை இரண்டு கைகளையும் நீட்ட, ஒரு படம். சில நேரம் 'மேலே அனுப்ப வேண்டும், ஆதாரம் கேட்கிறார்கள்' என்கிறோம். அது உண்மைதான், கேட்கிறார்கள். ஆனால் அந்தப் படம் மேலே போவதோடு நிற்பதில்லை. பள்ளியின் முகநூல் பக்கத்துக்கும், ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கும், கொடுத்தவரின் கட்சிக் குழுவுக்கும் போகிறது. கீழே 'ஏழை எளிய மாணவர்களுக்கு' என்று ஒரு வரி. ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் பெயர்ப்பலகையும் சேர்ந்தே படத்தில் வந்துவிடும். அந்தப் பிள்ளையின் முகம், பள்ளி, ஊர், சாதி எல்லாம் ஒரே சட்டகத்துக்குள். பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை வேலைக்குப் போன இடத்தில் யாரோ ஒருவர் தேடினாலும் கிடைக்கும்.

குழந்தைகளைப் பற்றிச் செய்தி வெளியிடுபவர்களுக்கென்று யுனிசெப் ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. சில பக்கங்கள்தான். குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல். எந்தக் குழந்தையையும் மேலும் இழிவுக்கு உள்ளாக்கும் வகையில் வகைப்படுத்தக் கூடாது. தன் வாழ்க்கையில் இல்லாத ஒன்றைச் செய்யச் சொல்லியோ சொல்லச் சொல்லியோ படம் எடுக்கக் கூடாது. ஆபத்து வரும் என்றால் பெயரை மாற்ற வேண்டும், முகத்தை மறைக்க வேண்டும். பத்திரிகையாளர்களுக்காக எழுதியது இது. கையில் கேமரா வைத்திருக்கிற எல்லோரும் இன்று பத்திரிகையாளர்தான், ஆசிரியர் உட்பட. உங்கள் பள்ளியில் கடைசியாக எடுத்த பத்துப் படங்களை இந்த வழிகாட்டியோடு வைத்துப் பாருங்கள். எத்தனை தேறும் என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.

'பிள்ளைங்ககிட்ட கேட்டுட்டுத்தாம்மா எடுத்தோம்' என்று ஓர் ஆசிரியர் முன்பு ஒருமுறை என்னிடம் சொன்னார். கேட்டிருப்பார். ஆனால் கையில் மதிப்பெண்ணும் வருகைப் பதிவேடும் வைத்திருக்கிற டீச்சர் கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? 'சரி டீச்சர்' என்று சொல்லும். 'வேண்டாம்' என்று சொல்ல இடம் இல்லாத ஊரில் 'சரி'க்குப் பொருள் கிடையாது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையை இங்கே பலர் படித்திருப்பீர்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட குழு அது, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக்கயிறு பற்றிய பரிந்துரை தொலைக்காட்சி விவாதமானது. அதே அறிக்கையில், கல்வி உதவித்தொகை பற்றிய தகவல் வந்தால் அந்த மாணவரைத் தலைமையாசிரியர் தன் அறைக்குத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்ற பரிந்துரையும் இருக்கிறது. வகுப்பில் 'எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்திரு' என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று அந்தக் குழுவுக்குத் தெரிந்திருக்கிறது. யுனிசெப் வழிகாட்டியும் இந்தப் பரிந்துரையும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒரு விடுதியில் தங்கிப் படித்தேன். வெளிநாட்டு ஸ்பான்சர்கள் பணத்தில் நடந்த விடுதி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் 'அங்கிள்' அல்லது 'ஆன்ட்டி' உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை கடிதம் எழுத வேண்டும். வார்டன் கரும்பலகையில் எழுதிப் போடுவார். நான் நலம், நீங்கள் நலமா, நன்றாகப் படிக்கிறேன், இங்கே மழை பெய்தது, உங்களுக்காகப் பிரார்த்தனை செய்கிறேன். கோடிட்ட இடத்தில் நம் பெயர். நாற்பது பிள்ளைகள், நாற்பது கடிதங்கள், எல்லாவற்றிலும் ஒரே மழை. ஒருமுறை என் தோழி ஒருத்தி, லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது டீக்கடையில் அவள் அப்பாவுக்குத் தனி டம்ளரில் டீ கொடுத்ததைத் தன் கடிதத்தில் எழுதிவிட்டாள். வார்டன் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, 'இதெல்லாம் அவங்களுக்குப் புரியாது, மனசு கஷ்டப்படுவாங்க' என்றார். திட்டவில்லை, அடிக்கவில்லை. வேறு தாள் கொடுத்தார். அவள் மழை பெய்தது என்று எழுதினாள்.

அந்த விடுதி இல்லையென்றால் நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன். பிற்பாடு ஆய்வுக்காகப் படித்தபோதுதான், ஒரு குழந்தைக்கு ஒரு புரவலர் என்கிற இந்த ஏற்பாடு ஸ்பானிய உள்நாட்டுப் போர்க் காலத்தில் 1937இல் தொடங்கிய 'பிளான்' போன்ற அமைப்புகளால் பரவியது என்பதும், 1982இலேயே 'நியூ இன்டர்நேஷனலிஸ்ட்' இதழ் தயவுசெய்து இந்தக் குழந்தைக்குப் புரவலர் ஆகாதீர்கள் என்று அட்டையிலேயே எழுதி ஒரு விவாதத்தைக் கிளப்பியது என்பதும் எனக்குத் தெரியவந்தது. ஒரு குழந்தையைத் தனியே பிரித்தெடுத்து நன்றி சொல்ல வைப்பது சரியா, அந்த ஊருக்கே கிணறும் பள்ளியும் வேண்டாமா என்பது விவாதம். அதன் பிறகு பல அமைப்புகள் பணத்தைத் தனிக்குழந்தைக்குக் கொடுக்காமல் ஊர்த் திட்டங்களுக்குக் கொடுக்கத் தொடங்கின. கடிதங்கள் மட்டும் தொடர்ந்தன. அந்த விவாதத்தில்கூடத் தனி டம்ளர் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று நிறைவேறியது. இந்தியா 1992 டிசம்பரில் அதில் இணைந்தது. மொத்தம் 54 பிரிவுகள். இரண்டாவது பிரிவு பாகுபாடு கூடாது என்கிறது. இனம், நிறம், பால், மொழி, மதம், அரசியல் கருத்து, தேசிய, இன அல்லது சமூகத் தோற்றம், சொத்து, உடல் குறைபாடு, பிறப்பு, பிற தகுதி என்று பட்டியல் போகிறது. சாதி என்ற சொல் அதில் இல்லை. 'பிறப்பு' இருக்கிறது, 'சமூகத் தோற்றம்' இருக்கிறது. அவற்றுக்குள் சாதி அடங்கும் என்று வாதாடலாம், வாதாட வேண்டும். ஆனால் பெயர் சொல்லாத ஒன்று சுவரொட்டியில் வராது, குழந்தைகளுக்கான எளிய வடிவத்தில் வராது, வீடியோவில் வராது.

இதற்கு முன்கதை ஒன்றும் உண்டு. 1965இன் இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்ததே இந்தியாதான். பின்னாளில் அந்தச் சொல் சாதியைக் குறிக்காது என்று அதே உடன்படிக்கையின் குழு முன்னால் வாதாடியதும் இந்தியாதான். 2001இல் டர்பன் மாநாட்டில் தலித் அமைப்புகள் உலகத்தின் முன் சாதியைக் கொண்டுபோய் வைத்தபோதும் அரசு தடுத்தது. அடுத்த ஆண்டு, 2002இல், அந்தக் குழு தன் 29ஆம் பொதுப் பரிந்துரையில் வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று தெளிவாகச் சொன்னது. அதாவது, உலக மேடையில் சாதி என்ற சொல் இல்லாதது மறதியால் நேர்ந்தது அல்ல. ஒரு பகுதி நம் அரசின் உழைப்பு.

ஆகவே இந்தத் தளங்களுக்குப் போகும்போது இந்தச் சொல் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே போங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். யுனிசெப்பின் தரவுத் தளத்தில் கல்வி, ஊட்டச்சத்து பற்றிய அட்டவணைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆண்-பெண், நகரம்-கிராமம், ஏழை-பணக்காரர் என்று பிரித்துக் காட்டுவார்கள். நம்முடைய தேசியக் குடும்பநல ஆய்வின் அறிக்கையையும், பள்ளிகள் பற்றிய யுடைஸ் அறிக்கையையும் பக்கத்தில் வையுங்கள். அவற்றில் எஸ்.சி., எஸ்.டி. என்ற பத்திகள் இருக்கும். அங்கே இல்லாத எந்தப் பத்தி இங்கே இருக்கிறது, அது இல்லாவிட்டால் என்ன தெரியாமல் போகும் என்று பிள்ளைகளையே கேளுங்கள். கணக்குப் பாடமும் ஆயிற்று, சமூக அறிவியலும் ஆயிற்று.

மொழியும் ஒரு தடைதான், பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழில் வேண்டுமென்றால் யுனிசெப் இலங்கையின் தளத்தைப் பாருங்கள், அங்கே சிங்களத்தோடு தமிழும் உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: அவர்கள் குழந்தைகளைச் 'சிறுவர்' என்பார்கள், உடன்படிக்கையைச் 'சமவாயம்' என்பார்கள். நம் பிள்ளைகள் சிறுவர் உரிமை என்றால் பையன்களுக்கு மட்டும்தானா என்று கேட்கும். கேட்கட்டும், அதுவே நல்ல விவாதம்.

அடுத்து, நான் எல்லா ஆசிரியர்களிடமும் வற்புறுத்துகிற ஒரு சின்ன நூல். ரோஜர் ஹார்ட் எழுதி, யுனிசெப்பின் இன்னொசென்டி மையம் 1992இல் வெளியிட்டது. குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்திருக்கிறார். அடியில் இருக்கும் மூன்று படிகள் பங்கேற்பே அல்ல என்கிறார். முதல் படி, குழந்தைகளைக் கையாள்வது. இரண்டாவது, அலங்காரம். மூன்றாவது, பெயருக்கு ஒன்றிரண்டு பேரை மேடையேற்றுவது. அலங்காரம் என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது, அதிகாரி வரும் நாளில் வெயிலில் ரோஜாப்பூவோடு நிற்கும் பிள்ளைகள்தான். யார் பூக்கொடுக்கத் தேர்ந்தெடுக்கப்படுகிறார், யார் நாற்காலி தூக்கத் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பது நம்மூருக்கான உபகேள்வி. ஹார்ட்டின் ஏணியில் அது இல்லை, நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். கழிப்பறை கழுவச் சொல்லி அனுப்பப்படுவது யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி அந்த ஏணியில் முதல் படிக்கும் கீழே, பூமிக்கு அடியில் இருக்கிறது.

2007இல் பெல்ஃபாஸ்ட் பல்கலைக்கழகத்தின் லாரா லண்டி இதை இன்னும் கூர்மையாக்கினார். குழந்தை பேச இடம் வேண்டும், பேசக் குரல் வேண்டும், கேட்க ஆள் வேண்டும், கேட்டதால் ஏதாவது மாற வேண்டும். பல குழந்தை அமைப்புகள் இப்போது இதைத்தான் பின்பற்றுகின்றன. நம் பள்ளிகளில் முதல் இரண்டுக்கே தடுமாற்றம். நான்காவதை, அதாவது சொன்னதால் ஒன்று மாறுவதை, ஒரு பிள்ளை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு அதைப் பேச வைக்க நீங்கள் மெனக்கெட வேண்டியதில்லை.

ஆக்ஸ்பாம் குழந்தைகளுக்கென்று மட்டும் உள்ள அமைப்பு அல்ல. ஆனாலும் சர்ச்சைக்குரிய விஷயங்களை வகுப்பில் எப்படிப் பேசுவது என்று ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு போட்டிருக்கிறது, தரவிறக்கிக்கொள்ளலாம். விவாத விதிகளைப் பிள்ளைகளே வகுப்பது, ஆசிரியர் எந்தெந்த நிலைகளிலிருந்து பேசலாம் என்பதெல்லாம் நன்றாக இருக்கிறது. நான் முரண்படுவது நடுநிலை என்ற இடத்தில். சாதி பற்றிய பேச்சில் ஆசிரியர் நடுவில் நின்று 'இரண்டு பக்கமும் பேசுங்கள்' என்றால், ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன் மனிதத் தகுதியையே வாதாடி நிரூபிக்க வேண்டியதாகிறது. தீண்டாமை அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவால் ஒழிக்கப்பட்ட குற்றம். அதற்கு மறுபக்கம் கிடையாது. இடஒதுக்கீட்டை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று விவாதிக்கலாம், தீண்டாமை சரியா என்று விவாதிக்க முடியாது.

கடைசியாக, புகார். 2018இல் ஆக்ஸ்பாம் பெரிய அவமானத்துக்கு உள்ளானது. ஹைத்தியில் நிலநடுக்க நிவாரணத்துக்குப் போன அதன் ஊழியர்கள் சிலரின் பாலியல் சுரண்டலும், அதை அமைப்பு கையாண்ட விதமும் வெளியே வந்தன. அதற்குப் பிறகு இந்த அமைப்புகள் பலவும் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையைத் தங்கள் தளங்களில் எல்லோரும் பார்க்கும்படி வைப்பதில் கூடுதல் கவனம் காட்டுகின்றன. யாரிடம் புகார் சொல்வது, அந்த ஆள்மீதே புகார் என்றால் அடுத்து யார் என்று அதில் இருக்கும். அந்த இரண்டாவது கேள்விதான் நமக்கு உயிர்நாடி. வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் மூவரும் ஊரின் ஆதிக்கச் சாதியாகவே இருந்தால் ஒரு சேரிப்பிள்ளை யாரிடம் போகும்? கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 1098 இருக்கிறது, 14417 இருக்கிறது. இந்த எண்கள் தலைமையாசிரியர் அறைக்குள் ஒட்டப்பட்டிருந்தால் பயனில்லை. பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் இடத்தில், யாரும் பார்க்காமல் படித்துக்கொள்ளும் உயரத்தில் எழுதுங்கள்.

படம் பற்றி ஆரம்பித்ததால் அதற்கு மட்டும் சில நடைமுறைகள் சொல்லிவிடுகிறேன். ஆதாரம் கேட்டால் அடுக்கி வைத்த பொருளை எடுங்கள், பிள்ளைகளைப் பின்னாலிருந்து எடுங்கள், கைகளை எடுங்கள். போனில் இருப்பிடம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். எடுத்த படத்தை அந்தப் பிள்ளையிடம் காட்டுங்கள், முகத்தைச் சுளித்தால் அதன் எதிரிலேயே அழித்துவிடுங்கள். 'ஏழை', 'எளிய', 'நலிந்த' என்ற சொற்களைப் படத்தின் கீழே எழுதாதீர்கள். கொடையாளர் படம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அவரை மட்டும் நிறுத்தி நல்ல வெளிச்சத்தில் நாலு படம் எடுத்துக் கொடுங்கள். பெரும்பாலும் அவருக்கு அது போதும்.

ஹார்ட்டின் ஏணியையும் யுனிசெப் படநெறியையும் தமிழில் சுருக்கி ஆளுக்கு இரண்டு பக்கமாகக் கொண்டுவந்திருக்கிறேன். என் மொழிபெயர்ப்பில் 'பங்கேற்பு' என்ற சொல் எனக்கே திருப்தியாக இல்லை. பிள்ளைகளுக்குப் புரிகிற வேறு சொல் உங்களிடம் இருந்தால் சாப்பாட்டு இடைவேளையில் சொல்லுங்கள், மதிய அமர்வுக்குள் மாற்றிவிடலாம்.